சோலையம்மாள் சொன்னது: பேச்சு நின்னா எந்திரிச்சு வெளிய வந்துரணும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனை ஊற்றெடுத்து வந்ததில்லை. நான் செய்த ஒரு கோளாறைச் சரிக்கட்ட வந்தது. கோளாறின் எண் 43. ஓர் ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் நாற்பத்திரண்டோடு நின்றிருக்க வேண்டும். நாற்பத்து மூன்றாவதாக ஒரு பெயரை நான் சேர்த்தேன். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் செய்தேன். ஊரில் பாதிக் கெடுதல் அந்த நினைப்பில்தான் நடக்கிறது.

நான் அருள்பாண்டி. விருதுநகரில் டி.டி.பி. கடை. இரண்டு கம்ப்யூட்டர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்து, சிவகாசியில் உள்ள பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டுப் பெயர்களை அடுக்கியே பிழைக்கிறவன். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. அது போகப் போக உங்களுக்கே தெரியும்.

ஆரம்ப வரிக்கே மூன்று நாள் ஆயிற்று.

முதல் முயற்சி: சிவகாசியில் அன்று சூரியன் உதித்தபோது— (விட்டுவிட்டேன். சூரியன் எல்லா ஊரிலும்தான் உதிக்கிறது. எங்கள் பக்கம் கூடக் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்.)

இரண்டாவது முயற்சி: எழில் என் கடைப் படியேறி வந்தபோது அவள் கண்களில்— (இதையும் விட்டுவிட்டேன். எழில் இதைப் படிப்பாள். கண்ணைப் பற்றி எழுதினால் அடிப்பாள்.)

மூன்றாவது முயற்சி: "அண்ணே, ரெஃபரன்ஸ் அடுக்கித் தருவீகளா?"

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

"அண்ணே, ரெஃபரன்ஸ் அடுக்கித் தருவீகளா?" என்று வியர்க்க விறுவிறுக்க வந்து நின்ற எழில், மதுரையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். சாத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பா செல்லச்சாமி, அம்மா சோலையம்மாள், இரண்டு பேருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகளின் ஆய்வும் அதுதான்: பட்டாசு செய்யும் அறைகளில் அவசரம் எப்படி வருகிறது, அதைத் தணிக்க என்ன வழி. இதைப் பற்றி உலகத்தில் அச்சில் வந்ததையெல்லாம் படித்து, ஆங்கிலத்தில் ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதியிருந்தாள். அது ஓர் ஆய்விதழில் வெளிவந்தால்தான் ஆய்வேட்டையே சமர்ப்பிக்க முடியும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். லேப்டாப் படுத்துவிட்டது.

"பட்டியல்தான? பட்டியல் அடுக்க இந்த ஜில்லாவுல என்னைய விட்டா யாரு இருக்கா?" என்றேன்.

அடுக்கினேன். அம்சமாக அடுக்கினேன். அவளுடைய நெறியாளர் பேராசிரியர் சீனிவாசகம் எழுதிய கட்டுரை முதலில், பெரியவர் இல்லையா? அடுத்து வெளிநாட்டுக்காரர்கள், தூரத்திலிருந்து வந்தவர்களைக் கவனிக்க வேண்டும். அப்புறம் அரசாங்க அறிக்கைகள். "காலமானவங்க பேருக்கு முன்னாடி தெய்வத்திரு போட்டுரவா?" என்று நான் கேட்டதும், எழில் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த ஐந்து நிமிஷம் ஆனது.

"அண்ணே, இது கல்யாண அழைப்பிதழ் இல்ல. அகரவரிசை. ஏ, பி, சி, டி. அம்புட்டுத்தான்."

"அப்ப உங்க சாரு எங்கன வருவாரு?"

"எஸ்ஸுல. முப்பத்தெட்டாவது."

"முப்பத்தெட்டா! கோவிச்சுக்கிட மாட்டாரா?"

"மாட்டாருண்ணே."

எனக்கு நம்பிக்கை இல்லை. மல்லாங்கிணற்றில் ஒரு தாய்மாமன், தன் பெயரை இரண்டாம் வரிசையில் போட்டதற்காக, முகூர்த்த நேரத்தில் மண்டபத்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்ததைப் பார்த்தவன் நான். இருந்தாலும் மாற்றினேன்.

(அடிக்குறிப்பு: காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே, எது சாய்வெழுத்து, வருஷத்துக்கு அடைப்புக்குறி உண்டா இல்லையா என்று அந்த ஆய்விதழ் பதினோரு பக்கத்துக்கு விதி போட்டிருக்கிறது. சம்பந்தி வீட்டார்கூட இம்புட்டு நிபந்தனை போட்டு நான் பார்த்ததில்லை. இந்தப் பதினோரு பக்கத்தை மறந்துவிடாதீர்கள். திரும்ப வரும்.)

3

இனி கோளாறு.

எந்த அழைப்பிதழும் பிரஸ்ஸுக்குப் போகுமுன் நான் ஒரு காரியம் செய்வேன். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளையும் நான் அடித்த பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் பெயராவது விட்டுப்போயிருக்கிறதா என்று விரலை வைத்து ஓட்டிப் பார்ப்பேன். எழுத்துப் பிழையை ஊர் மன்னிக்கும். விட்டுப்போன பெயரை மூன்று தலைமுறைக்கு மன்னிக்காது.

மணி நாலே முக்கால். எழில் வெளியே நின்று போனில் நெறியாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பழக்கதோஷத்தில் விரலை வைத்தேன். கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருந்தது. ஒன்றைத் தவிர. கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: 'அறையில் பேச்சு நின்றுபோவதே ஆபத்தின் முதல் அடையாளம் என்கிறார், இருபத்தாறு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் சோலையம்மாள்.' பட்டியலில் சோலையம்மாளைக் காணோம்!

பதறிப்போனேன். பெற்ற தாயையே விட்டுவிட்டாளே இந்தப் பிள்ளை! அகரவரிசையில் நடுவில் நுழைத்தால் எண்ணெல்லாம் மாறும், நேரமில்லை. கடைசியில் ஓரமாக இடம் பார்த்து அடித்தேன்: 43. திருமதி சோலையம்மாள் செல்லச்சாமி, சாத்தூர் வட்டம். கீழே 'மற்றும் உற்றார் உறவினர்' என்று முடிக்கக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

எழில் ஓடி வந்தாள். பட்டியலைப் பார்க்காமலே ஏற்றினாள். ஐந்தடிக்க இரண்டு நிமிஷம். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேரும் போய்ப் பொரிச்ச புரோட்டா சாப்பிட்டோம்.

4

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு மதிப்பீட்டாளர்கள். முதலாமவர் நன்று என்று ஒரே வரியில் போய்விட்டார், மகராசன். இரண்டாமவர் எழுதியது இது:

'43ஆவது சான்று என்ன? நூலா, கட்டுரையா? ஆண்டு இல்லை, பதிப்பகம் இல்லை, பக்க எண் இல்லை. இது தொகுப்புக் கட்டுரை. அச்சில் வெளிவந்தவற்றை மட்டுமே சான்றாகக் காட்டலாம். முப்பது நாளுக்குள் சான்று கொடுங்கள். இல்லையேல் அந்த வாக்கியத்தை நீக்குங்கள்.'

நான் 43 என்று ஒன்றைப் போடாமல் இருந்திருந்தால் அந்த வாக்கியம் அவர் கண்ணில் பட்டே இருக்காது. எழில் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நாலு வார்த்தை வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "பரவால்லண்ணே" என்றாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நெறியாளர் போனில் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஒரு வரிதானேம்மா, எடுத்துட்டு அனுப்பு. வேலை முடிஞ்சது."

"எடுக்க மாட்டேன் சார். அந்த ஒரு வரிய எழுதத்தான் சார் நான் படிக்கவே வந்தேன். மத்த நாப்பத்திரண்டும் அதுக்குத் துணைக்கு வந்தது."

"அப்ப முப்பது நாளுக்குள்ள சான்று தேடும்மா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

5

மதிப்பீட்டாளர் 2 என்ற கதாபாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு கதை எழுத முடியுமா? அதனால், பதில் வந்த ஆத்திரத்தில் ஒரு தாளில் நானே உண்டாக்கி வைத்திருந்தேன். வழுக்கை. ஒரு தங்கப்பல். தெருப்பிள்ளைகளின் பந்து வீட்டுக்குள் விழுந்தால் திருப்பித் தராத ஆள். காபியில் ஈ விழுந்தால் ஈயிடம் சான்று கேட்கிற ஆள். ஒன்றரைப் பக்கம் குதியாட்டமாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அம்மாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். ஒன்றரைப் பக்கத்தையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். எழில் சிரித்தாள். சோலையம்மாள் சிரிக்கவில்லை.

"இந்த ஆளை எதுக்குத் தம்பி இம்புட்டு வையுதீக? அவுக கேட்டது நியாயந்தான? லேபிள் ஒட்டாம ஒரு பெட்டி போச்சுன்னா லோடுல ஏத்துவாகளா? இறக்கி வச்சுட்டு, இது எந்த ரூம் சரக்குன்னு கேப்பாகள்ல. அதைத்தான் அவுகளும் கேக்காக."

ஒன்றரைப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். தங்கப்பல்லை மட்டும் விட மனசில்லை.

"சரிக்கா, லேபிள்ல என்ன போட? நீங்க சொன்னது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"எம் வாயில இருக்கு" என்று சொல்லிவிட்டு இப்போதுதான் சிரித்தார். "ஆமா, பட்டியல்ல பேரு போட்டீகளே, மொய் எதுவும் எழுதணுமா தம்பி?"

6

அவர் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன். ஓர் இடத்தில் மட்டும் கை வைத்திருக்கிறேன். எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன்.

"ரூமுக்கு நாலு பேரு. கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். மருமக கதை, சீரியல் கதை, எவ வீட்டுல என்ன கொளம்புங்கற கதை. போர்மேன் வந்து, பேசாம வேலையப் பாருங்கன்னு சத்தம் போடுவாரு. அவருக்குத் தெரியல. பேசுத வரைக்கும் கை நிதானமா இருக்கும் தம்பி. சீசன் வந்துருச்சு, ஆர்டர் நெருக்குது, எண்ணிக்கைக்குத்தான் கூலின்னு வைங்க. ஒருத்தி பேச்சை விட்டுருவா. அவளைப் பாத்து அடுத்தவ விடுவா. நாலு பேரும் வாய மூடிட்டா, கை பறக்க ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம். பறக்குற கை எங்கனயாச்சும் உரசும். அதான் எங்க பிள்ளைககிட்டச் சொல்லுதது: பேச்சு நின்னா எந்திரிச்சு வெளிய வந்துரணும். தண்ணி குடிக்கேன்னு வா, ஒண்ணுக்குப் போறேன்னு வா. நாலு வார்த்தை பேசிட்டு மறுபடி உள்ள போ."

"போர்மேன் வையமாட்டாரா?"

"வைவாரு. வஞ்சா வையட்டும். அதுவும் பேச்சுத்தான?"

7

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை. இதுவரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஒரு கம்பெனியில், ஓர் அறையில் அப்படித்தான் பேச்சு நின்றது. சோலையம்மாள் எழுந்தார். "வாங்கடி" என்றார். இரண்டு பேர் கூடவே வந்தார்கள். நாலாவது ஆள் கற்பகம். "இந்தா வாரேன், இது ஒண்ண முடிச்சுட்டு" என்றாள்.

நான் இங்கே நிறுத்திவிட்டு, வேறு மாதிரி எழுதினேன். கற்பகம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். "என் செருப்பு எங்கடி?" என்று கேட்கிறாள். வேப்பமரத்தடியில் நாலு பேரும் தண்ணீர் குடிக்கிறார்கள். கதைதானே? கதையில்கூட ஒருத்தியைக் காப்பாற்ற முடியாவிட்டால் நான் என்ன எழுத்தாளன்?

எழில் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். சோலையம்மாள் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அடிச்சுருங்க தம்பி. அவ வரல. அவ வராததாலதான் நான் இதைச் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

அடித்துவிட்டேன். கற்பகம் வரவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் முன்னால், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். சோலையம்மாள்தான் என் முதுகில் தட்டினார். "கம்ப்யூட்டர்ல தண்ணி பட்டுரப்போவுது தம்பி, தள்ளி உக்காந்து அழுங்க."

8

அவகாசத்தில் பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கும்போது சிவகாசியிலிருந்து போன். பிரஸ் முதலாளி செந்தூர்பாண்டி அண்ணாச்சி. நான் அடித்து அனுப்பும் அழைப்பிதழ்களெல்லாம் அவரிடம்தான் அச்சாகும். வருஷா வருஷம் ஒரு தீபாவளி மலரும் போடுவார்.

"ஏலே அருளு, மலர்ல நாலு பக்கம் வெள்ளையாக் கெடக்குலே. விளம்பரக்காரன் ஒருத்தன் கடைசி நேரத்துல கழண்டுட்டான். உன்கிட்ட கவிதை கிவிதை இருந்தா அனுப்பு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், நாலை மட்டும் கிழிச்சா போட முடியும்?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. (எங்கள் பக்கம் இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.) அச்சில் வெளிவந்ததா? வெளிவரும். ஆண்டு? உண்டு. பதிப்பகம்? உண்டு. பக்க எண்? அறுபத்தொன்று முதல் அறுபத்து நாலு வரை!

"நாலு பக்கத்தையும் எனக்குக் கொடுங்க அண்ணாச்சி. ஒரு கதை எழுதுதேன்."

"நீயா? என்ன கதை?"

"ஒரு பட்டியலைப் பத்தி."

"வெளங்கும்" என்றார். "ரெண்டாயிரம் வார்த்தைக்கு மேல போச்சுன்னா கடைசிப் பாராவ நானே வெட்டிருவேன், பாத்துக்க."

இதில் வர்ணனையே இல்லையே என்று நீங்கள் குறைப்பட்டிருக்கலாம். காரணம் அதுதான். இடம் மட்டும் கிடைத்திருந்தால் பிய்த்து உதறியிருப்பேன்.

9

எழிலுக்கு ஒரே குதூகலம். ஆனால் படித்த பிள்ளை, உடனே ஒரு முட்டுக்கட்டை போட்டாள். "அண்ணே, கதைன்னா பொய்யின்னு சொல்லிருவாகளே?"

நியாயமான கேள்வி. ஆகையால் இந்தக் கதையில் உள்ள பொய்களையெல்லாம் இங்கேயே இறக்கி வைக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர் என்றேன். ஒன்று ஆன் ஆகி மூன்று வருஷமாகிறது. அதன்மேல் பூந்தொட்டி இருக்கிறது. ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஏற்றினோம் என்றேன். ஐந்தடித்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அந்த இணையதளத்துக்கு நல்ல மனசு. 'மற்றும் உற்றார் உறவினர்' என்று முடிக்காமல் அடக்கிக்கொண்டதாகச் சொன்னேன். அடித்துவிட்டுத்தான் அழித்தேன். ஆறாம் பகுதியில் கை வைத்த இடம், போர்மேனைச் சோலையம்மாள் குறிப்பிட்ட ஒரு வார்த்தை. மலரைப் பிள்ளைகளும் படிக்கும் என்பதால் எடுத்தேன்.

அவ்வளவுதான் பொய். மீதி நடந்தது.

10

நேற்று மறுபடியும் அண்ணாச்சியின் போன். "ஏலே, இதுவரைக்கும் எழுதுன ஒம்பது பகுதியும் வந்துச்சு. தலைப்புக்குக் கீழ யாரு பேருலே போட?"

என் பெயரைப் போட்டால், பட்டியலில் ஏ எழுத்தில் நான்தான் முதல் ஆள். 1. அருள்பாண்டி. வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் முன்னால், பேராசிரியருக்கு முன்னால்! ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. ஆனால் வெளியே எழுந்து வந்தது நானா? சோலையம்மாளைக் கேட்டேன், உங்கள் பெயரையே போட்டுவிடுகிறேன் என்று.

"நான் எழுதலியே தம்பி. எழுதாததுக்குப் பேரு போட்டா அது களவு. சொன்னதுக்குப் போடுங்க, வாங்கிக்கிடுதேன்."

தலையைப் பிய்த்துக்கொண்டு, அந்தப் பதினோரு பக்க விதியை எடுத்து விரலை வைத்து ஓட்டினேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது: 'ஆசிரியர் பெயர் இல்லாத படைப்பாயின், தலைப்பையே ஆசிரியரின் இடத்தில் அமைத்து, அகரவரிசையில் உரிய இடத்தில் சேர்க்கவும்.'

நான் குதித்தேன். எழில் குதித்தாள். பூந்தொட்டி விழுந்தது.

இப்போது மேலே போய்ப் பாருங்கள். தலைப்புக்குக் கீழே யார் பெயரும் இல்லை. தலைப்பிலேயே அவர் பெயரும் இருக்கிறது, அவர் சொன்னதும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அது எஸ்ஸில் வரும். முப்பத்தெட்டு, பேராசிரியர் சீனிவாசகம். முப்பத்தொன்பது, 'சோலையம்மாள் சொன்னது'. அழைப்பிதழ் முறையில் அவரைக் கடைசி ஓரத்தில் வைத்தவன் நான். அகரவரிசைக்குப் பெரிய ஆள் சின்ன ஆள் தெரியாது. பேராசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. பட்டியலும் பழையபடி நாற்பத்து மூன்று.

"உங்க சாரு கோவிச்சுக்கிட மாட்டாரா?" என்று கேட்டார் சோலையம்மாள்.

"மாட்டாரும்மா" என்றாள் எழில்.

11

முடிவு.

(அ) மதிப்பீட்டாளர் 2 ஏற்றுக்கொள்கிறார். எழில் முனைவர் ஆகிறாள். அழைப்பிதழ் நான் அடிக்கிறேன்.

(ஆ) 'தீபாவளி மலர் ஒரு சான்றாகாது' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புகிறார். வாக்கியம் போகிறது.

(இ) மதிப்பீட்டாளர் 2 யாரென்று பார்த்தால், சின்ன வயசில் தாயோடு சாத்தூரை விட்டுப் போன— (வேண்டாம். சினிமா.)

எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மலர் இன்னும் அச்சாகவில்லை. நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால் ஆகிவிட்டது. உங்களில் ஒருவர் மதிப்பீட்டாளர் 2 ஆகக்கூட இருக்கலாம். ஐயா, அல்லது அம்மா, தங்கப்பல்லுக்கு மன்னியுங்கள். பேனா உங்களிடம்தான் இருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்த மலர் கம்பெனிகளுக்கும் போகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருத்தி இதைச் சத்தமாக வாசிக்கட்டும், மூன்று பேர் கேட்கட்டும். அதற்கப்புறம் ஒருநாள் பேச்சு நிற்கும். நீங்கள் எழுந்துவிடுவீர்கள். ஒருத்தி மட்டும் எழமாட்டாள். அவளிடம் என்ன சொல்வது என்று பதினோரு வருஷமாக யோசித்தும் தெரியவில்லை என்று சோலையம்மாள் சொல்கிறார். எனக்கும் தெரியவில்லை. அதனால் அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். அண்ணாச்சி, எந்தப் பாராவை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

"இந்தா வாரேன், இது ஒண்ண முடிச்சுட்டு."

நீங்கள்: